மலாக்காத் தமிழரும் ஆங்கிலத் தொடரும்: வினை, மூவிடப்பெயர், முன்னிடைச்சொல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் முதலில் அம்மொழியின் சொற்களையே தேடுகின்றனர். சொற்கள் ஓரளவு கைவந்த பின்னரே அவற்றைச் சேர்க்கும் முறை வேறாக இருப்பது அவர்களுக்குப் புலனாகின்றது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லும், மூவிடப்பெயரும், பெயருக்கு முன் நின்று அதன் உறவை உணர்த்தும் முன்னிடைச்சொல்லும் இணையும் முறை அத்தகையது. இக்கட்டுரை அம்முறையைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்குகின்றது. மலாக்கா மாநிலத்தில் நகரத்தாரும் தோட்டத்தாரும் அதனை எதிர்கொண்ட வரலாற்றையும் ஆராய முற்படுகின்றது.

இரு மொழிகளின் தொடரமைப்பு

‘தந்தையுடன் மலாக்காவுக்குச் சென்றேன்’ என்னும் தமிழ்த் தொடர் மூன்று சொற்களால் ஆனது. இதனை ஆங்கிலத்தில் ‘ஐ வென்ட் டு மலாக்கா வித் மை ஃபாதர்’ என்று ஏழு சொற்களால் கூற வேண்டியுள்ளது. தமிழில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ‘சென்றேன்’ என்பதன் ஏன் விகுதியே அதனைக் காட்டிவிடுகின்றது. ஆங்கில ‘வென்ட்’ யார் சென்றாலும் மாறுவதில்லை. ஆகவே ‘ஐ’ என்னும் மூவிடப்பெயர் அங்கே இன்றியமையாததாகின்றது. தமிழில் ‘கு’ உருபும் ‘உடன்’ என்னும் சொல்லுருபும் பெயரின் பின்னே ஒட்டி நிற்க, ஆங்கிலத்தில் ‘டு’, ‘வித்’ என்பன பெயரின் முன்னே தனித்து நிற்கின்றன. உருபு ஏற்ற சொற்களைத் தமிழில் முன்பின்னாக மாற்றினும் பொருள் பெரிதும் சிதைவதில்லை. ஆங்கிலத்திலோ எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றினால் அடித்தவன் அடிபட்டவனாகிவிடுவான்.

ஆங்கிலமும் ஒரு காலத்தில் வேற்றுமை விகுதிகளை நிறையப் பெற்றிருந்த மொழியே. அவை தேய்ந்தபோது சொல்வரிசையும் முன்னிடைச்சொற்களும் அவற்றின் பணியை ஏற்றன. மூவிடப்பெயர்களில் பழைய வேற்றுமை இன்றளவும் எஞ்சியுள்ளது. ‘ஹீ’ என்பது எழுவாய். ‘ஹிம்’ என்பது செயப்படுபொருளாகவும் முன்னிடைச்சொல்லின் பின்னும் வருவது. ‘அவன்’, ‘அவனை’ என்னும் வேறுபாட்டை அறிந்த தமிழ் மாணவருக்கு இது அயலானதன்று.

இடர்ப்பாடு மிகுவது வினையும் முன்னிடைச்சொல்லும் கூடிப் புதுப்பொருள் தருமிடத்திலாகும். ‘லுக் அட்’ என்றால் பார்த்தல். ‘லுக் ஃபார்’ என்றால் தேடுதல். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பேணுதல். தமிழ் மூன்று வினைகளைக் கொள்ளுமிடத்தில் ஆங்கிலம் ஒரே வினையை வைத்துக்கொண்டு அடுத்த சொல்லை மாற்றுகின்றது. இத்தகைய சேர்க்கைகளின் உள்ளமைப்பைக் காட்டிக்கொடுப்பது மூவிடப்பெயரே. சட்டையை அணிவதை ‘புட் ஆன் த ஷர்ட்’ என்றும் ‘புட் த ஷர்ட் ஆன்’ என்றும் கூறலாம். சட்டைக்குப் பதிலாக ‘இட்’ வரின் ‘புட் இட் ஆன்’ என்பது ஒன்றே வழக்கு. ஆனால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்பதில் ‘ஹிம்’ இடையே புக இயலாது. முன்னதில் ‘ஆன்’ வினையின் உறுப்பு; பின்னதில் ‘ஆஃப்டர்’ தனக்குப் பின்வரும் பெயரை ஆள்வது. பெயர்ச்சொல் நின்றபோது தெளிவாகத் தெரியாத வேறுபாடு மூவிடப்பெயர் வந்ததும் வெளிப்படுகின்றது.

மலாக்கா நகரில்

தொடரமைப்புகளின் சந்திப்பு மலாக்காவுக்குப் புதியதன்று. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் குடியேறிய தமிழ் வணிகரின் வழிவந்த மலாக்காச் செட்டிகள் மலாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்களுடைய சமயப்பற்றுக்குச் சான்றாகும். இலக்கிய மலாயில் ‘என் வீடு’ என்பது ‘ரூமா சாயா’, அதாவது வீடு முன்னும் உடையவர் பின்னுமாக அமையும். மலாக்காவின் சந்தை மலாயில் ‘சாயா புன்யா ரூமா’ என்னும் வரிசை வழங்கியது. இது ‘என்னுடைய வீடு’ என்பதை ஒத்தது. சீன மொழியின் செல்வாக்கும் இதற்குக் காரணமாகக் கூறப்படுவதால், இதனைத் தமிழின் கொடை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது.

ஆங்கிலத் தொடரமைப்பைப் பற்றி முதலில் வெளிப்படையாக வழக்காடிய மலாக்காவாசிகளுள் முன்ஷி அப்துல்லா குறிப்பிடத்தக்கவர். 1796இல் மலாக்காவில் பிறந்த அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வழியாக வந்தவர்கள். கணக்குக்கும் வணிகத்துக்கும் தமிழ் வேண்டியிருந்தமையால் நற்குடிப் பிள்ளைகள் அதனைக் கற்பது அக்கால மலாக்காவில் வழக்கமாக இருந்தது என்றும், தாமும் இரண்டரை ஆண்டுகள் கற்றதாகவும் தம் ‘ஹிக்காயத் அப்துல்லா’வில் அவர் கூறுகின்றார். 1815இல் மலாக்காவுக்கு வந்த இலண்டன் மறைப்பணிச் சங்கத்தாருள் தாம்சன் என்பார்க்கு மலாய் கற்பித்து, மொழிபெயர்ப்பிலும் துணைநின்றார். அங்கேதான் கருத்து வேறுபாடு எழுந்தது. தாம்சன் மலாய்ச் சொற்களை ஆங்கிலத் தொடரின் போக்கிலேயே அடுக்கினார் என்பதும், சொல் மலாயாக இருந்தும் நடை மலாயாக அமையவில்லை என்பதும் அப்துல்லாவின் முறையீட்டின் சாரமாகும். சில சமயச் சொல்லாட்சிகளையும் அவர் ஏற்கவில்லை. தாம் கூறிய திருத்தங்கள் ஏற்கப்படவில்லை என்பதையும் பதிவு செய்துள்ளார். தமிழ், மலாய், அரபு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளில் பயின்ற ஒருவருக்கு, மொழி என்பது சொற்பட்டியலன்று என்பது தெளிவாக விளங்கியிருந்தது.

தோட்டப்புறத்தில்

1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன் பின் புக்கிட் அசஹான் முதலிய இடங்களில் தோட்டங்கள் விரிந்தன. தமிழகத்திலிருந்து தொழிலாளர் திரளாக வந்தனர். இப்போது ஆங்கிலேயர் தமிழ்த் தொடரைக் கற்க வேண்டியவராயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையில் ஃபெர்குசன் வெளியிட்ட சின்னத் துரைமார்க்கான தமிழ்க் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். அத்தலைப்பு ஒன்றே நீண்ட ஆய்வுக்கு உரியது. ‘கம் ஹியர்’ என்னும் ஆங்கில ஏவலில் மூவிடப்பெயர் மறைந்து நிற்கின்றது. அங்கு மறைந்துள்ள ‘யூ’ சிறியோர்க்கும் பெரியோர்க்கும் பொது. தமிழில் அவ்வாறு பொதுவாக நிற்க இடமில்லை. ‘வா’ என்றால் ‘நீ’. ‘வாருங்கள்’ என்றால் ‘நீங்கள்’. தலைப்பு ‘வா’ என்பதைத் தேர்ந்தபோதே யாரிடம் எவ்வாறு பேசுவது என்பதும் தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

அதிகாலைப் பெரட்டில் இவ்வேறுபாடு நாள்தோறும் நிகழ்ந்தது. துரை கிராணியிடம் ஆங்கிலத்தில் கூறிய ஏவல், கிராணி வழியாகவும் கங்காணி வழியாகவும் தமிழாகி இறங்கியது. ‘டெல் தெம் டு கம்’ என்னும் தொடரில் இல்லாத தாழ்வு, வயதில் மூத்தவரையும் நோக்கிய ‘வா’வில் வந்து சேர்ந்தது. தமிழில் மதிப்பைத் தாங்குவது வினைவிகுதி; மலாயில் அப்பணியைப் பெரும்பாலும் மூவிடப்பெயர்கள் ஆற்றுகின்றன; ஆங்கிலமோ ‘வில் யூ’, ‘ப்ளீஸ்’ முதலிய பணிவுத் தொடர்களை நாடுகின்றது. இதனை உணராத மொழிப்பயிற்சி, இலக்கணப் பிழையோடு மனிதப் பிழையையும் விளைவித்தது.

மறுபுறம், தோட்டப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எட்டாக்கனியாகவே இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிவகுத்தது. அங்குத் தமிழே பயிற்றுமொழி. ஆங்கிலப் பள்ளிகள் நகரத்தில் இருந்தன. 1826இல் தோன்றிய மலாக்கா உயர்நிலைப்பள்ளியும் 1880இல் தோன்றிய செயின்ட் பிரான்சிஸ் கல்விக்கூடமும் அத்தகையன. சில மைல் தொலைவே இரு இலக்கணங்களையும் இரு வாழ்க்கைகளையும் பிரித்து வைத்திருந்தது.

முடிவுரை

இன்று தமிழ்ப்பள்ளிகளில் ஆங்கிலம் ஒரு பாடமாக உள்ளது. ஆயினும் பழைய இடைவெளி முற்றும் மறையவில்லை. ‘அவரிடம் சொன்னேன்’ என்று எண்ணும் மாணவர் ‘ஐ டோல்ட் டு ஹிம்’ என்று எழுதுகின்றார். ‘இடம்’ என்பதன் நேர்ப்பொருளாக ‘டு’ அவருக்குத் தோன்றுகின்றது. ‘சே’ என்னும் வினை ‘டு’வை ஏற்கும், ‘டெல்’ ஏற்காது என்பது அவருக்குக் கூறப்படுவதில்லை. சிவப்பு மையால் அடிக்கப்பட்ட கோடு மட்டுமே கிடைக்கின்றது. அப்பிழை அறிவின்மையால் நேர்ந்ததன்று. தன் தாய்மொழி இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றியதால் நேர்ந்தது. தொல்காப்பியம் வேற்றுமைக்குத் தனி இயல்களையே வகுத்துள்ளது. அம்மரபில் வந்த மாணவருக்கு உருபையும் முன்னிடைச்சொல்லையும் அருகருகே வைத்துக் காட்டுவது எளிது. ஆங்கிலம் கற்பிக்கத் தமிழை விலக்க வேண்டியதில்லை. தமிழிலிருந்து தொடங்கினால் போதும். ஒரு மொழியின் சொற்களை மற்றொரு மொழியின் முறையில் அடுக்குவதால் நேரும் பிழையை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணில் ஒருவர் உணர்ந்து எழுதியுள்ளார். அவ்வுணர்வு நம் வகுப்பறைகளுக்கும் வந்து சேர வேண்டும்.