உதிரப்பட்டி

அல்லிநகரத்துக்குக் கிழக்கே, ஆண்டிபட்டி வட்டத்தில், புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மூத்த தமிழ் எழுத்து! அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட அந்தவன் என்பவனுக்கு நட்டது. மாண்டவன் பெயர் தெரிகிறது, ஊர் தெரிகிறது, பூசல் தெரிகிறது. அவனுக்கு வாழ்க்கைப்பட்டவளைப் பற்றி ஓர் எழுத்துக்கூட இல்லை. சிறிய கல், இடம் போதவில்லை என்று நம்மை நாமே சமாதானம் செய்துகொள்ளலாம்.

பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். போரில் உயிர் விட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். நெய்த்தோர்பட்டி என்றும் சொல்வதுண்டு. நெய்த்தோர் என்றாலும் இரத்தந்தான். கன்னட நாட்டில் இதையே நெத்தரு கொடகே என்றார்கள். பெயரைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதில் ஒரு நல்ல வழி இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நிலம் வீட்டோடு சேர்ந்தது. உழுகிற மைத்துனனும் சோறு பொங்குகிற மருமகளும் கிழவியோடு அதே விளைச்சலைத்தானே சாப்பிட்டிருப்பார்கள்?

கும்பெனிக் காலத்தில் நிலம் போய்ப் பணம் வந்தது. மீர் ஜாபர் தனக்கு விட்டுச் சென்ற 5 லட்சம் ரூபாயை மூலதனமாக வைத்துக் கிளைவ் 1770-இல் ஒரு நிதி ஏற்படுத்தினான். வங்காளத்து நவாபின் பணம். பயன் பெற்றவர்களோ கும்பெனியின் ஐரோப்பியப் படையாட்களும் அவர்களுடைய விதவைகளும்!

இன்று நம் சர்க்கார் குடும்ப ஓய்வூதியம் தருகிறது. விதவைக்கு வயது 80 ஆனால் நூற்றுக்கு 20 பங்கு கூடும். 100 ஆனால் இரட்டிப்பாகும். முதுமையில் செலவு ஏறும் என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், சந்தோஷம். முழு ஊனமுற்ற படைவீரனுக்கு உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், அதற்கென்றே தனிப்படி உண்டு. அவன் கண்ணை மூடியதும் அது நின்றுவிடும். அவனைப் பல வருஷம் தூக்கி உட்கார வைத்து, தன் இடுப்பு ஒடிந்து படுக்கையில் விழுந்தவளுக்கு அந்தப் படி கிடையாது.

அவளை யார் பார்த்துக்கொள்வது? கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன்பே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன. மாமியாருக்காக ஒருத்தி ஜீப் ஏறாமல் வீட்டில் நின்றாள் என்றால், அன்றைக்கு அவளுக்குக் கூலி இல்லை. அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். குளிக்கவும் உடுக்கவும் துணை தேவைப்படும் படைவீரரின் விதவைக்கு ஓய்வூதியத்துக்கு மேல் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கிறார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத்தான். அந்தப் பணத்திலிருந்து தன்னைக் கவனிக்கும் மகளுக்கே அவள் சம்பளம் கொடுக்கலாம்.

இங்கே விதவை காலமான பிறகு, வேறு ஆதரவில்லாத விதவை மகளுக்கோ மணமாகாத மகளுக்கோ அந்த ஓய்வூதியம் போக விதியில் இடமிருக்கிறது. மருமகளின் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.