செம்மேரியின் கோட்டை

அயர்லாந்தின் மேற்கே, கிளேர் மாவட்டத்தில், பர்ரன் என்னும் சுண்ணாம்புப் பாறைவெளியின் விளிம்பில் லெமனே கோட்டை நிற்கிறது. கூரை இல்லை, தளங்கள் இல்லை. வரிசை வரிசையான சாளரங்களின் வழியே வானம் தெரிகிறது. ஒருபுறம் 1480 அளவில் எழுந்த ஒடுங்கிய கோபுரம். கீற்றுத் துளைகளே அதற்குக் கண்கள். அதையொட்டி 1640களில் கட்டிய மாளிகைக்கோ அகன்ற சாளரங்கள். அஞ்சி வாழ்ந்த காலம் போயிற்று என்று நம்பியவர்கள் கட்டிய வீடு. அந்நம்பிக்கை பத்தாண்டுகூட நிலைக்கவில்லை.

கட்டியவர்கள் கோனர் ஓ'பிரையனும் அவர் மனைவி மாய்ரேயும். செந்நிறக் கூந்தல் கொண்டவளாதலால் ‘மாய்ரே ருவா’, அதாவது செம்மேரி, என்றே ஊரார் அவளை அழைத்தனர். அவளது ஆவி இன்னும் அங்கே உலவுவதாகச் சொல்வர். பணிப்பெண்களைக் கூந்தலால் கட்டிச் சாளரத்தில் தொங்கவிட்டாளாம். 25 கணவர்களை மணந்தாளாம். அவர்களுள் ஓர் ஆங்கிலேயனை மேல்மாடியிலிருந்து உதைத்துத் தள்ளினாளாம். முடிவில் பகைவர்கள் அவளை மரப்பொந்தில் அடைத்துச் சாகவிட்டனராம்.

ஆவணங்கள் காட்டும் மாய்ரே வேறு. கணவர்கள் மூவரே. முதல்வர் டேனியல் நெய்லன் 1639இல் இறந்தார். அவ்வாண்டே கோனரை மணந்தாள். கிராம்வெல் படையை எதிர்த்துப் பொருத கோனர் 1651இல் மாண்டார். தோற்ற கத்தோலிக்கரின் நிலங்களை வென்றவர்கள் பறித்துப் பங்கிட்ட நாட்கள் அவை. 1653இல் அவள் மணந்தது, கணவனைக் கொன்ற அதே தரப்பின் படை அதிகாரியான ஜான் கூப்பரை! மகன் டோனாவின் நிலம் காக்கவே அம்மணம் என்பர். டோனா நிலத்தை இழக்கவில்லை. 1686இல் பாரனெட் பட்டமும் பெற்றான்.

அவளை மாசற்றவளாக்குவது என் நோக்கமன்று. 1640களின் கிளர்ச்சியில் நிகழ்ந்த கொலை தொடர்பாக அவள்மீது வழக்கிருந்தது. 1664இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் அளித்த மன்னிப்பே அவளைக் காத்தது. ஆயினும் ஊர்க்கதை பற்றிக்கொண்டது அந்தக் கொலையை அன்று, திருமணத்தை. பகைவனுடன் வாழ்ந்தவளை ஊரால் பொறுக்க இயலவில்லை போலும். மூன்றை இருபத்தைந்தாக்கிற்று. அவள் பழிவாங்கியிருக்க வேண்டும் என்று விரும்பி, கதையிலாவது அந்த ஆங்கிலேயனைச் சாளரத்திலிருந்து தள்ளவைத்தது. அப்படியும் மனம் ஆறாமல் அவளையும் மரத்துள் அடைத்தது. ஒரு தாயின் கணக்கை அங்கே யாரும் கதையாக்கவில்லை.

டோனா பின்னர் டிரோமோலாண்டுக்குக் குடிபெயர்ந்தான். 1643ஆம் ஆண்டு பொறித்த லெமனேயின் வாயில்வளைவையும் பிற்காலத்தார் அங்கே பெயர்த்துச் சென்றனர். அம்மாளிகை இன்று பெரிய விடுதி. மாய்ரே மட்டும் லெமனேயைவிட்டு அகலவில்லை என்கிறார்கள்.