பெரிய அலாய் வீல்களுக்கான டயர் தேர்வு

காருடன் வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிட விட்டம் கூடிய சக்கரத்தைப் பொருத்தும்போது, காரின் எடைக்கும் வேகத்துக்கும் ஏற்ற டயரைக் கட்டுப்படியாகும் விலையில் வாங்குவதற்குச் சில அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் 14, 15 அங்குலச் சக்கரத்துடன் வரும் சிறு கார்களுக்கு 16 அல்லது 17 அங்குல அலாய் வீல் போடுவது வழக்கத்தில் உள்ளது. அலாய் வீலுக்கு ஒருமுறை செலவழித்தால் போதும்; டயரைத் தேயத் தேய மாற்ற வேண்டும். எந்த அளவு சக்கரம் என்று முடிவுசெய்யும் அன்றே பின்னாளைய டயர்ச் செலவும் பெருமளவு முடிவாகிவிடுகிறது. அதனால் டயரின் அளவை முதலில் தேர்ந்து, அதற்கேற்ற வீலை வாங்குவதே சிக்கனமான வரிசை.

அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்பதுபோல் ஒரு குறியீடு இருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. ‘ஆர்’ ரேடியல் வகையையும், 15 சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும். 88 சுமைக் குறியீடு. எச் வேகக் குறியீடு. காருக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த அளவும் காற்றழுத்தமும் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் அல்லது கையேட்டில் இருக்கும்.

வெளிவிட்டம்

சக்கரம் பெரிதாகும்போது பக்கச்சுவர் குறைய வேண்டும். டயரின் மொத்த வெளிவிட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்க வேண்டும். அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி, பக்கச்சுவர் உயரத்தின் இரு மடங்கைக் கூட்டினால் வெளிவிட்டம் கிடைக்கும்.

- 185/65 ஆர்15: 621.5 மி.மீ.
- 195/55 ஆர்16: 620.9 மி.மீ.
- 205/45 ஆர்17: 616.3 மி.மீ.
- 205/55 ஆர்16: 631.9 மி.மீ.

மாருதி சுசூகி பலேனோவின் கீழ்நிலை வகைகளுக்கு முதல் அளவும், மேல்நிலை வகைகளுக்கு இரண்டாம் அளவும் தரப்படுகின்றன. ஓர் அங்குலம் கூடியும் வெளிவிட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. நான்காம் அளவைப் போட்டால் விட்டம் சுமார் 1.7 விழுக்காடு கூடும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி அந்த அளவுக்கு வேகமாக ஓடும். டயர் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. வேறுபாடு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பொது வழக்கு.

சுமையும் வேகமும்

சுமைக் குறியீடு 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545. 84 என்றால் 500. பக்கச்சுவர் தாழத் தாழ டயருக்குள் அடங்கும் காற்று குறைவதால், பெரிய சக்கரத்தில் இந்த எண் சரிவது எளிது. 88 குறியீட்டு டயருடன் வந்த காருக்கு 84 குறியீட்டு 205/45 ஆர்17 போட்டால், நான்கு டயருக்கும் சேர்த்து 240 கிலோ தாங்குதிறன் போய்விடும். இதே அளவில் 88 குறியீட்டுடன் ‘எக்ஸ்எல்’ எனும் கூடுதல் சுமை வகையும் கிடைக்கிறது. அந்தச் சுமையைத் தாங்க அதற்குக் கூடுதல் காற்றழுத்தம் வேண்டும். வேகக் குறியீட்டில் டி 190, எச் 210, வி 240 கி.மீ. வேகத்தைக் குறிக்கும். பரிந்துரைத்த குறியீட்டுக்குக் கீழே இறங்கி மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது.

வீலின் பொருத்தம்

ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலத்துக்கு வரம்பு உண்டு: 195/55 ஆர்16க்கு 5.5 முதல் 7 அங்குலம். 205/45 ஆர்17க்கு 6.5 முதல் 7.5 அங்குலம். வரம்பு மீறிய அகல ரிம்மில் டயரை இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சரிந்து, குழியில் ரிம் நேரடியாக அடிவாங்கும். போல்ட் துளைகள் அமையும் வட்டம், ஆஃப்செட் (ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து விலகியுள்ள தொலைவு), நடுத்துளை ஆகியவையும் பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாமல் ஓட்டுவது ஸ்டியரிங் அதிர்வுக்குக் காரணமாகலாம்.

விலையைத் தீர்மானிப்பவை

அதிகம் விற்கும் கார்கள் எந்த அளவுடன் வருகின்றனவோ அந்த அளவில் பல நிறுவனங்கள் போட்டியிட்டு டயர் தருகின்றன, விலையும் படிகிறது. 195/55 ஆர்16 பலேனோவுக்கும் ஹூண்டாய் ஐ20க்கும், 205/55 ஆர்16 ஃபோக்ஸ்வாகன் விர்ச்சுஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களுக்கும் உரியவை. 205/45 ஆர்17 இந்தியாவில் பெருவாரியாக விற்கும் கார்களில் வருவதில்லை. தெரிவு குறைவு, விலை அதிகம். புதிய டயர் இறக்குமதியை 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது; இறக்குமதியை நம்பிய அளவுகளை இது பாதித்தது. டயர்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது.

குறைந்த விலை டயரிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கம் தயாரிப்புக் காலத்தைச் சொல்லும்: 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். தள்ளுபடியில் வரும் டயர் நெடுநாள் கிடங்கில் கிடந்ததா என்பதை இந்த எண்ணே காட்டும். நான்கையும் சேர்த்து வாங்க முடியாதவர்கள் ஒரே அச்சின் இரண்டையும் ஒரே வகையாக வாங்கலாம். புதிய இரண்டைப் பின்சக்கரங்களில் மாட்டுவது ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்குவதைக் குறைக்கும்.

பழைய டயர்கள்

புதுக் காரிலிருந்து உடனே கழற்றி விற்ற டயர்கள் மலிவாகக் கிடைப்பதுண்டு. பட்டன் தேயாதிருந்தால் மட்டும் போதாது. உட்பக்கத்தில் பஞ்சர் ஒட்டிய இடங்கள், பக்கச்சுவரில் புடைப்பு, வெடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புடைப்பு இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று பொருள்; அதைப் பழுதுபார்க்க இயலாது.

சாலையும் சட்டமும்

185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. உயரம், 205/45 ஆர்17இல் அது 92 மி.மீ. மட்டுமே. குழி நிறைந்த சாலையில் ரிம் வளைவதும் டயர் புடைப்பதும் இதனால் மிகும். சக்கரத்தின் எடை கூடினால் மைலேஜும் சொகுசும் குறையும். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அதன் வெளிவிட்டமும் புதிய டயரோடு ஒத்துப்போக வேண்டும்.

கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதே காரின் மேல்நிலை வகைக்குத் தயாரிப்பாளரே தரும் அளவைத் தேர்ந்துகொண்டு காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்தால், சட்டச் சிக்கலும் வாரண்டிச் சிக்கலும் எழும் வாய்ப்பு குறையும். டயரும் எளிதில் கிடைக்கும்.