கோடம்பாக்கத்தில் பிறந்த பம்பாய் மெட்டு

சான்பாடாவில் ஹார்பர் லைன் ரயிலேறி, குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கினால் பக்கத்திலேயே தாராவி. இங்குள்ள தமிழர்களில் நிறையப் பேருக்குப் பூர்வீகம் நெல்லைச் சீமை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதக் கலவரத்தில் பம்பாய் பற்றி எரிந்தபோது தாராவியும் தப்பவில்லை. நகரம் முழுக்க 900 பேர் மாண்டதாக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கெடுத்தது.

அந்த ரணத்தைத்தான் மணிரத்னம் 1995-ல் 'பம்பாய்' என்று படமாக்கினார். நெல்லைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வீட்டை எதிர்த்து வந்து குடித்தனம் நடத்தும் சேகர், ஷைலா பானு, அவர்களுக்கு இரட்டைப் பையன்கள், பிறகு கலவரம். படத்தில் எரியும் பம்பாய்த் தெருக்கள் சென்னையில் போட்ட செட். படத்தின் உயிரான மெட்டும் சென்னையில், ஏ.ஆர். ரஹ்மானிடம் பிறந்ததுதான். கேசட்டில் பாட்டுகளுக்கு நடுவே, ஒரு வார்த்தையும் இல்லாமல், ஐந்து நிமிடச் சொச்சத்துக்கு ஓடியது அந்த 'பம்பாய் தீம்'.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் அதன் கட்டுமானம் பிடிபடும். அடியில் சுருதி மாதிரி ஒரு நீண்ட ஒலி. அதன்மேல் நவீன் குமாரின் புல்லாங்குழல். எந்த அவசரமும் இல்லாமல், ஒரு வரி ஊதி, சற்று நிறுத்தி, அடுத்த வரி. பிறகு வயலின்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. குழல் தனியாக ஒலிக்கும்வரை அது ஒரு ஆளின் துக்கம். வயலின்கள் சேர்ந்ததும் ஊரின் துக்கமாகிவிடுகிறது.

கலவரக் காட்சிக்கு டிரம்ஸை முழக்கி ரத்தத்தைச் சூடேற்றுவது சுலபம். சூடேறிய ரத்தம் உடனே கட்சி சேரும். இரண்டு பிஞ்சுகளை மறித்து, 'நீ எந்த மதம்?' என்று கேட்டு மண்ணெண்ணெய் ஊற்றும் காட்சியைப் பார்த்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ரஹ்மானின் மெட்டு அந்தக் கோபத்துக்குத் தூபம் போடாமல், இழவு வீட்டு நிதானத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்கிறது. 'எவன் செய்தான்?' என்று துடிக்கும் மனசு, 'நமக்கு என்ன ஆகிப்போச்சு?' என்று கேட்க ஆரம்பிக்கிறது.

அதன்பிறகு மெட்டு ஊர் ஊராகக் கிளம்பியது. 1996-ல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தில், டெல்லி வீடொன்றில் இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவே முளைக்கும் காதலுக்குத் துணை நின்றது. 1997-ல் லண்டனில் தல்வின் சிங் தொகுத்த 'அனோகா' ஆல்பத்தில் ஏறி, நடன கிளப்புக்காரர்களின் காதுக்குப் போனது. 2002-ல் பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானின் 'டிவைன் இன்டர்வென்ஷன்' படத்தில் வந்தது. ராணுவச் சோதனைச் சாவடியால் பிரிக்கப்பட்ட காதலர்களின் கதை அது. கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. 2005-ல் நிக்கோலஸ் கேஜ் ஆயுத வியாபாரியாக நடித்த 'லார்ட் ஆஃப் வார்' வழியாக ஹாலிவுட்டையும் தொட்டது.

ஸ்வரம் ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் பம்பாயில் அது ஒப்பாரி, டெல்லியில் ஏக்கம், ஆயுத வியாபாரியின் கதையில் குற்றச்சாட்டு. பின்னணி இசை உணர்ச்சியை ஊட்டுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். இசை தருவது ஆழம். அந்த ஆழத்தில் கிடப்பது சோகமா, காதலா, வெட்கமா என்பதைக் காட்சிதான் சொல்கிறது. இருட்டில் கதவு திறந்தால் வயலின் கிறீச்சிட வேண்டும், தாய் அழுதால் ஷெனாய் அழ வேண்டும் என்று காட்சியை அப்படியே நகலெடுக்கும் இசை, அந்தப் படத்தோடு முடிந்துபோகும். காட்சிக்கு இடம் விட்டு நிற்கும் இசைதான் இன்னொரு ஊரில், இன்னொரு கதையிலும் பிழைக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த முறை ஒரு காட்சியில் கண் கலங்கினால், ஒலியை நிறுத்திவிட்டு அதே காட்சியை மறுபடி ஓடவிடுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இசையை மட்டும் கேளுங்கள். நம்மை அழவைத்தது யார் என்று அப்போது தெரிந்துவிடும்.