எக்மோர்லயே ரூம் போடுல!

போன மாசம் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்காகச் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஒரு மூலை, நான் பார்த்து வைத்த ஓட்டல் அதுக்குப் பக்கத்துலயே. லிஃப்ட் உண்டு, கீழேயே சாப்பாடு. எல்லாம் சொல்லி முடிச்சதும் அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "எக்மோர்லயே போடுல."

எண்பது வயசுக்காரர் பிடிவாதம்னு முதல்ல எரிச்சலாத்தான் இருந்தது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, சென்னையில் எங்கே தங்குவது என்பதை அந்த ஊரோட வாசல்தான் எப்பவும் முடிவு பண்ணியிருக்கு.

1856-ல் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. 1873-ல் சென்ட்ரல் வந்தது. அதுக்கு எதிரேயே சவலை ராமசாமி முதலியார் சத்திரம் கட்டினார். ரயிலை விட்டு இறங்கி மூட்டையோடு ரோட்டைத் தாண்டினால் தலைசாய்க்க இடம். 1908-ல் எழும்பூர் நிலையம் திறந்தது. தெற்கத்தி ஆளுகள் எல்லாரும் மீட்டர் கேஜ் வண்டியில் அங்கே வந்து இறங்க, ஸ்டேஷனுக்கு எதிரே, கென்னட் லேன் பக்கமெல்லாம் லாட்ஜுகள் முளைத்தன.

கையில் காசு இருந்த வெள்ளைக்காரர்களுக்கு மவுண்ட் ரோடு பக்கம் வேறு உலகம். 1854-ல் இம்பீரியல் என்று தொடங்கிய ஓட்டல், 1886-ல் ஆல்பனி ஆகி, 1890-ல் கவர்னர் கன்னிமாரா பிரபுவின் பெயரை வாங்கிக்கொண்டது. நம்ம ஆட்களுக்கு நல்ல ரூம், சுத்தமான சாப்பாடு ரெண்டும் ஒரே இடத்தில் கிடைக்க வழி செய்தவர்களில் முக்கியமானவர் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கிருஷ்ணா ராவ். 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் தொடங்கினார். பிறகு 1950-களில் மயிலாப்பூர்ப் பக்கம் நியூ உட்லண்ட்ஸ், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீதாராம ராவின் தாசப்பிரகாஷ் என்று வரிசையாக வந்தன.

இதுவரைக்கும் படிச்சா, காசு இருந்தா ரூம் கிடைச்சிருக்கும்னு தோணும். அப்படி இல்லைங்கிறதுதான் விஷயம்.

எங்க தாத்தா 1949-ல் ஒரு வேலைக்கான நேர்காணலுக்கு முதன்முறையா மெட்ராஸ் வந்தார். எழும்பூரில் இறங்கி, ரெண்டு நாள் வாடகைக்குப் பணத்தை எண்ணி எடுத்துக்கொண்டு ஒரு லாட்ஜில் போய் நின்றார். மேஜைக்குப் பின்னாடி இருந்தவர் பேரைக் கேட்கவில்லை. "நீங்க என்ன ஆளுக?" என்றுதான் கேட்டார். தாத்தா சொன்னார். ரூம் இல்லை என்று பதில் வந்தது. அடுத்த இடத்திலும் அதே கேள்வி, அதே பதில். அன்னைக்கு ராத்திரி பிளாட்பாரத்தில் படுத்து, காலையில் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நேர்காணலுக்குப் போனார். வேலை கிடைக்கவில்லை.

இது தாத்தாவுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடே, தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல்தான் ஒழிந்தது. 1957-ல்கூட திருவல்லிக்கேணி முரளி கபேயின் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கில் கைதானார்கள்.

நடுவில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. 1950 ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் பாருங்க. கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே, சாதி மதம் காரணமாக யாரையும் உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. நாட்டையே கட்டி எழுப்புகிற சட்டத்தில் ஓட்டலுக்கு என்ன வேலைன்னு கேட்டா, எங்க தாத்தா படுத்த பிளாட்பாரம்தான் பதில். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, இப்படித் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது.

1961-ல் அப்பாவைக் காலேஜில் சேர்க்கத் தாத்தா மறுபடி மெட்ராஸ் வந்தார். அதே எழும்பூர், அதே தெரு. இந்தத் தடவை லாட்ஜுக்காரர் மூணே கேள்விதான் கேட்டாராம்: பேரு, ஊரு, எத்தனை நாளைக்கு. சாவியைக் கையில் வாங்கினதும் தாத்தா கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்தில் நின்றிருந்த பதினேழு வயசுப் பையன்தான் என் அப்பா. அந்த வாடகை ரசீது இன்னமும் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கு.

இதெல்லாம் அப்பா சொன்னது ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னாடி. அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்போ வாசல்கள் மறுபடி மாறிவிட்டன. 2002-ல் வெளியூர் பஸ்கள் பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போயின. தெற்கேயிருந்து வருகிற பஸ்களுக்காக 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் நிலையம் திறந்தார்கள். பஸ்ஸில் வருகிறவர் அங்கே இறங்கி எழும்பூரில் ரூம் போட்டால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும். அதனால யாராவது என்கிட்ட யோசனை கேட்டால், எந்த வாசலில் இறங்குறீங்க, போக வேண்டிய இடம் எங்கே, ரெண்டுக்கும் நடுவில் பாருங்கன்னுதான் சொல்வேன். பெரியவங்க கூட வந்தா லிஃப்ட் இருக்கான்னு போன் போட்டே கேட்டுடுங்க, படத்தை நம்பாதீங்க.

ஆனா அப்பாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. எழும்பூரிலேயே போட்டேன், லிஃப்ட் உள்ளதாப் பார்த்து. ஆதாரை நீட்டினேன், சாவி வந்தது. அப்பா அந்தச் சாவியை என்கிட்டேயிருந்து வாங்கி, ரூம் வரைக்கும் தானே வச்சுக்கிட்டு நடந்தார்.

உங்க வீட்டுப் பெரியவங்க முதன்முதலா பட்டணத்துல எங்கே தங்கினாங்கன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.