சிரோசிஸ் அல்லாத போர்ட்டல் அழுத்தம்: ‘அருகிவருகிறது’ என்ற கணிப்பு குறித்து

இந்நோயில், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரையின் நுண்கிளைகள் கல்லீரலுக்குள் அடைபட்டுப்போகின்றன. கல்லீரல் வேலை பெரிதும் கெடுவதில்லை. ஆனால் மண்ணீரல் வீங்கி, உணவுக்குழாய்ச் சிரைகள் புடைத்து, ஒருநாள் ரத்தவாந்தி வருகிறது. இந்த நோய் இந்தியாவில் குறைந்துவருகிறது என்ற கருத்து ஆய்வுரைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு அதிக வலுச் சேர்த்தவர் டெல்லியின் எஸ்.கே. சரின். குடலிலிருந்தும் பச்சிளம் குழந்தையின் தொப்புளிலிருந்தும் போர்ட்டல் ரத்தத்தில் கலக்கும் கிருமிகளே காரணம்; ஏழ்மையும் சுகாதாரக் குறைவும் நீங்க நீங்க நோயும் நீங்கும் என்பது அவர் தரப்பு வாதத்தின் சாரம். 2004இல் அவர் குழுவினர் முயல்களின் சிரைவழியே ஈ.கோலை கிருமியைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, மனித நோயை ஒத்த நிலையை உண்டாக்கிக் காட்டினர். ஜப்பானில் கோனோ 1988இலேயே முயலில் இதையொத்த சோதனை செய்திருந்தார்.

முயல் சோதனையில் எனக்குக் குறை இல்லை. கிருமியால் இப்படி ஆகக்கூடும் என்பதற்கு அது சான்று. இந்திய நோயாளிகளுக்கு அப்படித்தான் ஆனது என்பதற்கு அல்ல. அதைவிடப் பெரிய சிக்கல் ‘குறைந்தது’ என்ற சொல்லில் இருக்கிறது. குறைந்தது எந்தக் கணக்கில்?

கல்கத்தாவில் போயரும் சென்குப்தாவும் மற்றவர்களும் 1967இலும், டெல்லி எய்ம்ஸில் நாயக்கும் ராமலிங்கசாமியும் 1969இலும் இந்நோயைத் தனியே பிரித்துக் காட்டியது கல்லீரல் திசுவை நேரில் பார்த்துத்தான். அக்காலத்தில் ரத்தவாந்தி நோயாளி பலருக்குப் போர்ட்டல் ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பும் ஷன்ட் அறுவையே வழி. வயிற்றைத் திறந்த அறுவை மருத்துவர் கல்லீரலில் ஒரு ஆப்புத் துண்டு வெட்டி நோய்க்கூற்று ஆய்வகத்துக்கு அனுப்ப முடிந்தது. பிறகு புடைத்த சிரைகளுக்கு எண்டோஸ்கோப்பி வழி ஊசியும், 1980களின் பிற்பகுதியிலிருந்து பேண்ட் கட்டுதலும் வந்தன. வயிற்றைத் திறக்கும் தேவை குறைந்தது, திசுவும் குறைந்தது. ஸ்கேனில் மேடுபள்ளமான கல்லீரல், பெரிய மண்ணீரல், குறைந்த பிளேட்லெட். மஞ்சள் காமாலை வைரஸ் இல்லை, மதுப் பழக்கமும் இல்லை. இப்படி ஒருவர் வந்தால் ‘காரணம் தெரியாத சிரோசிஸ்’ என்று எழுதி முடிப்பது எளிதாகிவிட்டது. இந்த வாதத்துக்கு நேரடி எண்ணிக்கை கிடையாது. ஆனாலும் நோய் குறைந்ததாகச் சொல்லப்படும் காலமும் ஆப்புத் துண்டு அரிதான காலமும் இவ்வளவு நெருங்கி வருவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

இங்கே வேலூர் சி.எம்.சி.யின் 2009ஆம் ஆண்டுக் கட்டுரை எனக்கு முக்கியமாகப்படுகிறது. மது, ஈப்பன் ஆகிய மருத்துவர்களும் பிறரும் எழுதிய அது, காரணம் தெரியாத போர்ட்டல் அழுத்தம் என வகைப்படுத்தப்பட்டவர்களின் பயாப்சிகளைப் பார்த்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிரோசிஸ் இல்லை. இருந்தது இந்த ரத்தக்குழாய் நோய். 2011இல் அதே மருத்துவமனையினர் இது இந்தியாவில் இன்னும் தொடரும் சிக்கல் என்றே தலைப்பிட்டு எழுதினர்.

சரின் தரப்பில் நின்று இக்கட்டுரையைக் கேள்வி கேட்கவும் இடம் உண்டு. பயாப்சிக்கு உட்பட்டவர்கள் எல்லா நோயாளிகளும் அல்லர், மருத்துவர் சந்தேகித்தவர்கள். கட்டுரைத் தலைப்பு ‘தென்னிந்திய’ மருத்துவமனை என்கிறது. ஆனால் வேலூர்த் தெருக்களில் வங்காள எழுத்துப் பலகைகளைப் பார்த்தவர்களுக்கு, அங்கே வரும் நோயாளிகள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று தெரியும். மேற்கு வங்கத்தின் கிணற்று நீரில் ஆர்சனிக் இருக்கிறது. ஆர்சனிக்குக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சண்டிகரின் தத்தா குழு 1979இலேயே எழுதியது. ஆக, பாதி என்ற அளவை அப்படியே திண்டிவனத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பொருத்த முடியாது. ஆனால் ஒன்று நிற்கிறது: பார்த்த இடத்தில் நோய் இருந்தது.

இந்நோய் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில் சென்னையின் தென்புறத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பெரும்பாக்கத்திலும், 2018 முதல் குரோம்பேட்டை ரேலா மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று அறுவை நடக்கிறது. அகற்றிய கல்லீரலை முழுமையாக அறுத்துப் பார்க்கலாம். ஊசித் துண்டின் போதாமை அங்கே இல்லை. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கிராசின்ஸ்காஸும் மற்றவர்களும் 2005இல் விவரித்த 16 மாற்று நோயாளிகளில் பலர் சிரோசிஸ் என்றே கருதப்பட்டு வந்தவர்கள். மாற்று வரை போகாதவர்களுக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் உதவும். போர்ட்டல் அழுத்தத்தின் அடையாளங்கள் தெளிவாக இருந்தும் விறைப்பு 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே நின்றால், சிரோசிஸ் என்று எழுதும் கை தயங்க வேண்டும். இந்நோய்க்கு 2019இல் வந்த சர்வதேச வரையறை, 20 மில்லிமீட்டருக்குக் குறையாத பயாப்சித் துண்டை எதிர்பார்க்கிறது.

தாம்பரம் சானடோரியம் இன்னொரு வகையில் முக்கியம். சவுரி முத்து 1928இல் காசநோய்க்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனை, எச்.ஐ.வி.க்கான இலவச ஏ.ஆர்.டி. திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கிய எட்டு மையங்களில் ஒன்று. டிடனோசின் என்ற எச்.ஐ.வி. மருந்துக்கு இதே கல்லீரல் நோயோடு தொடர்பு உண்டென 2010 ஜனவரியில் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. இந்தியத் திட்டத்தின் முதல் வரிசையில் அம்மருந்து இல்லை. எனவே பழியை மருந்தின்மேல் போடுவதா, வைரஸின்மேலா என்பதைப் பிரித்துப் பார்க்க இங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஏற்றவர்கள். தடையும் அங்கேயே இருக்கிறது: காசநோயும் மண்ணீரலை வீங்கவைக்கும், எச்.ஐ.வி.யே பிளேட்லெட்டைக் குறைக்கும். எண்டோஸ்கோப்பி செய்தவர்களின் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குவதே சரி.