வெள்ளணுக்களைத் தாக்கும் பாக்டீரிய நஞ்சுகள்: விருதுநகர் வட்டாரத்தை முன்வைத்து

வெள்ளணுக்களைக் கொல்லும் பாக்டீரிய நஞ்சுகளில் இரு குடும்பங்கள் முதன்மையானவை. மேன்ஹைமியா ஹீமோலிட்டிகா போன்றவை சுரக்கும் ஆர்.டி.எக்ஸ். புரதங்கள் ஒரு குடும்பம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் சுரக்கும் இருகூறு லூகோசிடின்கள் மற்றொன்று. அமைப்பில் தொடர்பற்ற இவ்விரண்டும் அணுவின் சவ்வில் துளையிட்டே அதை அழிக்கின்றன. ஸ்டஃபைலோகாக்கஸின் சுரப்பு முயலின் வெள்ளணுக்களைச் சிதைப்பதை 1894இல் வான் டே வெல்டே கண்டார். அந்த நஞ்சு, சிவப்பணுக்களை உடைக்கும் நஞ்சுகளிலிருந்து வேறானது என்பதை 1932இல் பேன்டனும் வாலன்டைனும் காட்டினர். எந்த விலங்கின் வெள்ளணு ஒரு நஞ்சுக்கு இரையாகும் என்பதை அவ்விலங்கின் ஏற்பிப் புரதமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. செம்மறிக் கிடைகளும் கறவை மாடுகளும் பட்டாசு விபத்தின் தீக்காயங்களும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்திருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் இந்நஞ்சுகளை ஆராய்வோர் தொடங்க வேண்டிய இடமும் அந்த ஏற்பியே.

பொட்டு ஆடு எனப்படும் வேம்பூர்ச் செம்மறி இவ்வட்டாரக் கரிசல் நிலத்துக்கு உரியது. மேன்ஹைமியா பாக்டீரியம் நலமான ஆட்டின் மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி வாழும். மழையில் நனைதல், நெரிசல், நெடுந்தூரப் பயணம், வைரஸ் தொற்று ஆகியவற்றால் ஆடு தளரும்போது அது நுரையீரலுக்குள் இறங்கிப் பெருகும். அதன் லூகோடாக்சின் வெள்ளணு மேற்பரப்பின் சி.டி.18 புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. நஞ்சு மிகுந்தால் அணு வெடிக்கும். குறைந்தால் அணு தானாகவே மடியும், அல்லது அழற்சிப் பொருள்களைக் கொட்டும். வெடித்த நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களின் நொதிகள் நுரையீரல் திசுவையே அரிக்கின்றன. ஆட்டைச் சாகடிக்கும் சேதத்தில் பெரும்பங்கு இவ்வாறு அதன் சொந்த அணுக்களிலிருந்து வருவது. மாடுகளின் தொண்டை அடைப்பான் நோயோடு இந்த நுரையீரல் நோயைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்குக் காரணமான பாஸ்டுரெல்லா மல்டோசிடாவிடம் இந்த நஞ்சு இல்லை.

மனிதனுக்கும் சி.டி.18 உண்டு, எனினும் மேன்ஹைமியா நஞ்சு மனித அணுக்களைத் தொடுவதில்லை. இந்தப் புதிரை 2009இல் அவிழ்த்தவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுடர்விழி சாந்தலிங்கமும் சுப்பிரமணியம் ஸ்ரீகுமாரனும். புரதங்கள் பலவும் உருவாகும்போது தலைப்பில் ஒரு வழிகாட்டித் துண்டு இருக்கும். உரிய இடம் சேர்ந்ததும் அது வெட்டப்பட்டுவிடும். அசைபோடும் விலங்குகளின் சி.டி.18இல் மட்டும் அத்துண்டு வெட்டப்படாமல் நிற்கிறது. நஞ்சு பற்றுவது அதைத்தான். வெட்டும் இடத்துக்கு ஐந்து இடம் முன்பாக மற்ற விலங்குகளில் கிளைசின் என்னும் அமினோ அமிலம் உள்ளது. அசைபோடுவனவற்றில் அங்கே குளூட்டமின். அந்த ஒன்றை மாற்றியவுடன் துண்டு வெட்டப்பட்டது. அணுக்களும் நஞ்சிலிருந்து தப்பின. 2016இல் இதே மாற்றத்தை மரபணுத் திருத்தத்தால் மாட்டின் கருவில் செய்து, அதன் வெள்ளணுக்கள் நஞ்சை எதிர்ப்பதையும் காட்டினர். இத்துறையில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கறவை மாட்டின் மடிநோயில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் லூக்-எம்.எஃப். என்னும் லூகோசிடினைச் சுரக்கக்கூடும். அது மாட்டின் நியூட்ரோபில்களில் உள்ள சி.சி.ஆர்.1 ஏற்பியைப் பற்றுகிறது. மனித நியூட்ரோபில்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா வட்டாரத்தில் இதை மாட்டின் நலம், பால் வரத்து சார்ந்த சிக்கலாகவே பார்க்க வேண்டும். காய்ச்சினாலும் அழியாமல் உணவை நச்சாக்குவது இதே பாக்டீரியத்தின் வேறொரு சரக்கான என்டரோடாக்சின்.

மனிதனைத் தாக்கும் பேன்டன்-வாலன்டைன் லூகோசிடினுக்கு இரு கூறுகள். முதற்கூறு சி5ஏ ஏற்பியில் அமர்கிறது; இரண்டாவது அதனோடு இணைகிறது; எட்டுத் துண்டுகள் சேர்ந்து துளை உருவாகிறது. இந்த ஏற்பி 2013இல் இனங்காணப்பட்டது. தொற்று நடக்கும் இடத்தை நியூட்ரோபில் கண்டறிய உதவும் ஏற்பிகளுள் இதுவும் ஒன்று. பாக்டீரியத்தைத் தேடி வரும் அணுவை அது தேடப் பயன்படுத்தும் உறுப்பின் வழியாகவே நஞ்சு கொல்கிறது.

சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் பட்டாசு ஆலைகளின் மருந்துக் கலவை அறைகளில் நேரும் வெடிவிபத்துகள் ஆழ்ந்த தீக்காயங்களை விட்டுச்செல்கின்றன. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காயமுற்றோர் அதனினும் பலர். தீக்காயத்தில் முதல் நாள்களில் குடியேறுவது பெரும்பாலும் மயிர்க்கால்களில் தப்பிப் பிழைத்த ஸ்டஃபைலோகாக்கஸ்தான். சூடோமோனாஸ் பின்னால் வருகிறது. பெருந்தீக்காயத்தில் நியூட்ரோபில்களின் நகர்வுத் திறன் முன்னமே குன்றிவிடுவதால், பின்னர் வரும் சீரழிவு முழுவதையும் நஞ்சின் கணக்கில் எழுதுவது தவறு. அதற்காக நஞ்சைப் புறக்கணிக்கவும் முடியாது. இந்தியத் துணைக்கண்டத்தில் தோன்றிப் பரவிய எஸ்.டி.772 என்னும் வங்காள விரிகுடா ஸ்டஃபைலோகாக்கஸ் வகை மெத்திசிலினையும் வேறு பல மருந்துகளையும் எதிர்ப்பது. பேன்டன்-வாலன்டைன் லூகோசிடினின் மரபணுவையும் பொதுவாகச் சுமப்பது.

இந்நஞ்சு நோயில் எவ்வளவு பங்காற்றுகிறது என்பது குறித்து ஆய்வாளர்கள் நெடுங்காலம் முரண்பட்டதற்குச் சோதனை எலியும் ஒரு காரணம். சுண்டெலியின் நியூட்ரோபில்கள் அதற்கு எளிதில் மடிவதில்லை. மனித அணுக்களைப் போலவே முயலின் அணுக்கள் மடிகின்றன. முயலின் நுரையீரலில் நஞ்சின் தீங்கு வெளிப்படையாகத் தெரிந்தது. எலியில் விளைவு இல்லை என்பதை மனிதனுக்கு நஞ்சில்லை என்று படித்தது முறையியல் பிழை. அதே பிழை, ஒரு விலங்கில் பலித்த தடுப்பூசியை மற்றொன்றுக்கும் பலிக்கும் என்று கொள்வதிலும் ஒளிந்திருக்கிறது.

வழக்கமான சீழ்ப் பரிசோதனை பாக்டீரியத்தையும் அது எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் சொல்கிறது, நஞ்சைச் சொல்வதில்லை. 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில், திசு விரைந்து அழுகும் நோயாளிகளின் மாதிரிகளிலேனும் பி.சி.ஆர். முறையில் லூகோசிடின் மரபணுவைத் தேடுவது பயன் தரும். மடிநோய்ப் பாலில் தேட வேண்டியது லூக்-எம் மரபணு. செம்மறியின் நுரையீரலில் மேன்ஹைமியாவின் நஞ்சு. விடை சிகிச்சையையும் தொடும். ஆக்சசிலின் போன்ற மருந்துகள் பாக்டீரியத்தைக் கொல்லப் போதாத அளவில் நின்றால் லூகோசிடின் சுரப்பு கூடுவது ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. கிளிண்டாமைசினும் லினசோலிடும் புரத உற்பத்தியைத் தடுப்பதால் சுரப்பைக் குறைக்கின்றன. நஞ்சு உறுதியான கடுந்தொற்றில், பாக்டீரியம் எதிர்ப்புக் காட்டாத நிலையில், இவ்விரண்டில் ஒன்றைச் சேர்த்துத் தருவதற்கு அதுவே அடிப்படை.